அண்ணனுக்கு வந்த கடிதமும் பத்து நிமிட நடைத்தூரமும்

2024 ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை என்று தேதியிட்ட ஒரு கடிதம் என்னிடம் இருக்கிறது. நீல மையில், கையால், இரண்டு பக்கம் எழுதப்பட்டது. எழுதியவர் க்வின் என்னும் முதியவர். வேல்ஸ் நாட்டில் ஒரு மலையடிவாரத்தில் தொண்டர்கள் நடத்தும் சிறிய பாரம்பரிய ரயில் நிலையத்தின் பழைய ஏடுகளைப் பாதுகாப்பவர். கடிதம் என் அண்ணனுக்கு. உறை டெக்சஸில், இர்விங் நகரிலிருக்கும் அண்ணன் வீட்டு அஞ்சல் பெட்டிக்கு வந்து சேர்ந்த நாள் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. அதை எடுத்தவள் நான். பிரித்துப் படித்தவளும் நான். அண்ணனிடம் அது கடைசி வரை கொடுக்கப்படவில்லை.

நினைவு மலரில் எழுதும் கட்டுரை பிறந்த ஊரிலிருந்து தொடங்கி, நற்குணங்களைச் சொல்லி, நன்றியில் முடிய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இந்த ஓராண்டில் அப்படி மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் இந்தக் கடிதம் இல்லை. இந்தக் கடிதம் இல்லாமல் எழுதினால் அது அண்ணனைப் பற்றிய கட்டுரையாக இருக்காது, நான் என்னைக் காப்பாற்றிக்கொண்ட கட்டுரையாக இருக்கும். அண்ணியிடம் கேட்டேன். "எழுது கலா. ஆனா நீ மட்டும் செஞ்ச மாதிரி எழுதாத. என்னையும் சேர்த்து எழுது" என்றார். சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணன் 1968 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை, ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில் பிறந்தார். எங்கள் தந்தையார் அங்கே பாயின்ட்ஸ்மேன். ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு வண்டியைத் திருப்பி விடும் வேலை. வீட்டில் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் வண்டிகள் போகும் சத்தத்தை வைத்தே மணி சொல்லும் பழக்கம் எல்லோருக்கும் இருந்தது. அண்ணன் பொறியியல் படித்து, சென்னையில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்தார். அப்பாவுக்கு அதில் பெருமை இருந்தது, சிறு மனத்தாங்கலும் இருந்தது. "ரயில்வேயில பரீட்சை எழுதியிருக்கலாம்" என்று ஓய்வு பெற்ற பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

2005 ஆகஸ்டில் அண்ணன் பணிபுரிந்த நிறுவனம் அவரை இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வேல்ஸுக்கு அனுப்பியது. அண்ணி அப்போது சென்னையில் கைக்குழந்தையோடு இருந்தார். அங்கே வார இறுதிகளில் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அண்ணன் ரயிலில் ஏறி ஏதாவது ஓர் ஊரில் இறங்கி நடப்பாராம். அப்படி ஒரு சனிக்கிழமை, பெரிய ரயில் நிலையம் ஒன்றில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தவர், மழையில் நனைந்துகொண்டு ஏழெட்டு முதியவர்கள் தண்டவாளத்துக்கு ஜல்லி போடுவதைப் பார்த்தார். வேடிக்கை பார்த்தவர் கையில் ஒருவர் மண்வெட்டியைக் கொடுத்தார். கொடுத்தவர் க்வின்.

அந்த நிலையத்தின் பெயரை எங்கள் வீட்டில் அண்ணனைத் தவிர யாரும் சரியாகச் சொன்னதில்லை. 'ஸ்டேஷன்' என்றாலே அதுதான். அதன் கதையை அண்ணன் பல முறை சொல்லியிருக்கிறார். முதலில் அது நிலையமே அல்ல. மலையில் வெட்டிய கூரைக் கற்பலகைகளை இறக்கி வைக்கும் ஒரு திடல். குவாரியிலிருந்து குறுகிய பாதையில் கற்பலகைகள் இங்கே வரும். இங்கிருந்து ஒரு வயலைக் கடந்து பெரிய ரயில் பாதைக்குப் போகும். பிறகு குவாரித் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லப் பெட்டிகள் வந்தன, ஒரு நடைமேடை வந்தது, பயணச்சீட்டு கொடுக்க ஓர் அறை வந்தது. குவாரி நலிந்தபோது எல்லாம் போயின. தண்டவாளத்தைப் பெயர்த்து இரும்பாக விற்றார்கள். நடைமேடை மீது ஆடுகள் மேய்ந்தன. பல ஆண்டுகள் கழித்து ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து, பழைய புகைப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாக அந்த நிலையத்தைத் திரும்பக் கட்டினார்கள். எங்கோ மூடப்பட்ட நிலையத்திலிருந்து ஒரு சிக்னல் அறையைப் பலகை பலகையாகக் கழற்றி லாரியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தேநீர்க் கடை திறந்தார்கள். மேலே குவாரி வரை பாதை மறுபடி போடப்பட்டது.

கீழ்ப்பக்கம் மட்டும் முடியவில்லை. பெரிய ரயில் நிலையத்துக்கும் இந்த நிலையத்துக்கும் நடுவே ஒரு வயல். அந்த வயல் வழியாக முன்பு தண்டவாளம் ஓடியது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் நிலம் தனியாருடையது. பாதையின் உரிமைக்கு ஆவணம் இல்லை. எனவே பெரிய ரயிலில் வருகிறவர்கள் இறங்கி, சந்து வழியாகச் சுற்றிப் பத்து நிமிடம் நடந்துதான் சின்ன ரயிலுக்கு வர வேண்டும்.

அந்தப் பத்து நிமிடம் எங்கள் குடும்பத்தில் எப்படி நுழைந்தது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். இதுவரை உறவினர்களில் நான்கைந்து பேருக்குத்தான் இது முழுமையாகத் தெரியும்.

2006 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி அளவில் எங்கள் தந்தையார் காலமானார். பிற்பகல் இரண்டு மணிக்கு அண்ணனுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னவள் நான். பக்கத்தில் சித்தப்பா நின்றுகொண்டு, "போயிட்டாருன்னு சொல்லாத. தனியா இருக்கான், நடுவழியில ஏதாச்சும் ஆயிடும். சீரியஸ், உடனே கிளம்புன்னு மட்டும் சொல்லு" என்றார். எல்லா வீடுகளிலும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

அங்கே காலை எட்டரை மணி. அண்ணன் குவாரிப் பக்கம் வேலையில் இருந்தார். வேலை ஆட்களின் சின்ன ரயில் அவரைக் கீழே நிலையத்துக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்து சந்து வழியாக ஓடிப் பெரிய நிலையத்துக்குப் போனபோது வண்டி நகர்ந்துவிட்டது. கடைசிப் பெட்டியைக் கண்ணால் பார்த்தாராம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம். பின்னாலேயே வந்த க்வின், "விமான நிலையம் வரை என் காரில் விட்டுவிடுகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் மறுத்துவிட்டார். அவ்வளவு தூரம் அந்த வயதில் அவரை ஓட்ட வைக்க வேண்டாம் என்று நினைத்தாராம். அப்பா ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறார், ஒரு வண்டி தாமதமானால் என்ன என்றும் நினைத்தாராம்.

பிற்பகல் விமானம் போய்விட்டது. அடுத்த விமானத்தில் அண்ணன் சென்னையில் இறங்கியது செவ்வாய்க்கிழமை. திங்கள் மாலைக்கு மேல் உடலை வைத்திருக்க முடியவில்லை. மகன் இருந்தும் சித்தப்பாதான் கொள்ளி வைத்தார்.

சாம்பல் எடுத்து வந்த அன்று மாலை அண்ணன் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

"நீ போன் பண்ணும்போதே தெரியுமா?"

"தெரியும்ணா."

"அந்த அடுத்த ட்ரெயின் வர்ற வரைக்கும் நான் டீ குடிச்சுட்டு உக்காந்திருந்தேன் கலா. அப்பாவுக்கு என்ன பழம் வாங்கிட்டுப் போலாம்னு யோசிச்சுட்டு இருந்தேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. "இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்ட நேரா சொல்லிடு. நல்லது கெட்டது எதுவா இருந்தாலும்" என்றார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வேல்ஸுக்குத் திரும்பிய அண்ணன், ஒப்பந்தத்தில் மீதியிருந்த மாதங்களின் வார இறுதிகளை எல்லாம் அந்த வயலுக்கே செலவிட்டார். மழையில் மண்வெட்டி பிடித்தால் அவருக்கு இருமல் வரும் என்பதால் க்வின் அவரை ஏடுகள் பக்கம் மாற்றிவிட்டிருந்தார். இருவரும் பண்ணை வீடுகளுக்குப் போய், பரணில் கிடக்கும் பழைய காகிதங்களைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். 2007 மார்ச் 3, சனிக்கிழமை, ஒரு பண்ணை வீட்டின் தகரப் பெட்டியில் ஓர் ஒப்பந்தத் தாள் கிடைத்தது. குவாரிக் கம்பெனிக்கு அந்தப் பண்ணைக்காரரின் முன்னோர் தம் வயலொன்றின் ஓரமாகத் தண்டவாளம் போட நிரந்தர உரிமை கொடுத்து எழுதியது. காகிதத்தை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோக வீட்டார் சம்மதிக்கவில்லை. அண்ணன் தம்மிடமிருந்த சிறிய கேமராவில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். அப்போது வழக்கு எதுவும் இல்லை. நிலத்தை வாங்கவே பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் அந்தப் படத்துக்கு அன்று அவசரம் ஏற்படவில்லை.

2007 செப்டம்பரில் அண்ணன் குடும்பத்தோடு இர்விங் வந்தார். ஓராண்டுக்குப் பிறகு நானும் என் கணவரும் பக்கத்து ஊரான காப்பெலுக்கு வந்து சேர்ந்தோம். கிரீன் கார்டு கையில் வரும் வரை நாட்டை விட்டு வெளியே போகப் பயம். வந்த பிறகு மகனின் படிப்பு, அண்ணனின் வேலை. பதினேழு ஆண்டுகளில் அண்ணன் ஒரு முறைகூட அந்த நிலையத்துக்குத் திரும்பிப் போகவில்லை. க்வினுக்குக் காது கேட்காது, கணினியும் பழகவில்லை. இருவரும் மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டார்கள். அண்ணன் இங்கே உட்கார்ந்துகொண்டு அந்த நிலையத்தின் வரலாற்றை எழுதினார். எந்த நடைமேடை எந்த மாதம் நீட்டப்பட்டது, எந்தப் பெட்டி எந்த ஊரிலிருந்து வாங்கப்பட்டது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தட்டச்சு செய்து கொடுத்தது நான். ஒரு மருந்து நிறுவனத்தில் பதிவேடுகளைச் சரிபார்ப்பது என் வேலை. "ஆபீஸ்ல ஆடிட்டு, அண்ணன் வீட்லயும் ஆடிட்டு" என்று என் கணவர் கேலி செய்வார்.

இர்விங்கில் கார் இருந்தும் நகருக்குள் ஓடும் லைட் ரயிலில் ஆபீஸ் போன தமிழர் அந்த நாளில் அண்ணனைத் தவிர வேறு யாரும் எனக்குத் தெரியாது. காப்பெலில் ஒரு பொங்கல் விழாவில் அவருடைய நண்பர் செந்தில், சாப்பாட்டு வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி கிண்டல் செய்தது நினைவிருக்கிறது.

"தலைவரே, ஃப்ரீவேல பதினஞ்சு நிமிஷம். நீங்க ட்ரெயின் மாறி மாறி ஒரு மணி நேரம் போறீங்க. எதுக்கு இந்த வேண்டுதல்?"

"ட்ரெயின்ல போனா படிக்கலாம்யா. நீ ஸ்டீரிங்க புடிச்சுட்டு பிரேக் லைட்டப் படிச்சுட்டு வர்ற."

"உங்களுக்கென்ன, வேல்ஸ்ல இருக்கற பொம்மை ரயிலுக்கு இர்விங்ல ஸ்டேஷன் மாஸ்டர். எப்போ சார் கனெக்‌ஷன் குடுக்கப் போறீங்க? எங்க பேரன் காலத்துலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். "கனெக்‌ஷன் வந்துட்டா உன்னையும் கூட்டிட்டுப் போறேன். ஒரு அடி நடக்க வேண்டாம். இந்தப் பக்கம் எறங்கி அந்தப் பக்கம் ஏறிடலாம்" என்றார். அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது அங்கே எனக்கு மட்டும் தெரியும்.

2024 ஜனவரி 18, வியாழக்கிழமை, அண்ணனுக்குக் கணையத்தில் புற்று என்று உறுதியானது. இந்த ஊரில் மருத்துவர்கள் நோயாளியிடமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். நோயை மறைக்க எங்களுக்கு வழி இல்லாமல் போயிற்று. அதனால் மற்றவற்றை எல்லாம் மறைத்தோம். அவருடைய வேலை போகப் போகிறது என்பதை மறைத்தோம். அண்ணியின் தாயார் வேலூரில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததை மறைத்தோம். இந்தியாவிலுள்ள உறவினர்களிடம் அவருடைய நோயை மறைத்தோம். யாருக்கு எது தெரியும், யாருக்கு எது தெரியாது என்று நானே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் தாளும் என்னிடம் இருக்கிறது.

ஏப்ரல் 19 அன்று மூன்றாவது கீமோ. அண்ணன் வீட்டு அஞ்சல் பெட்டியிலிருந்து எடுத்து வந்த தபால்களோடு, மருத்துவமனை வண்டி நிறுத்தத்தில் நான் காரில் இருந்தேன். அண்ணனுக்கு உள்ளே மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அண்ணி காபி வாங்க வெளியே வந்தவர் என் மடியில் இருந்த உறையைப் பார்த்தார்.

"என்ன அது? இன்ஷூரன்ஸா?"

"இல்ல அண்ணி. வேல்ஸ்லேர்ந்து. க்வின் எழுதியிருக்காரு."

"என்னவாம்?"

சொன்னேன். க்வின் கேட்டது ஒரே ஓர் உதவி. புது நிலக்காரர் வயலை நிலையத்துக்கு விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பழைய பாதையின் உரிமையைப் பற்றி அவர் முன்பே எழுதியிருந்த விசாரணைக்கு இப்போது ஜூன் 4 என்று தேதி வந்திருக்கிறது. அதோடு அந்த விஷயம் முடிந்துவிடும். தகரப் பெட்டி இருந்த பண்ணை வீட்டில் சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் புகுந்து, அந்தத் தாள் கூழாகிவிட்டது. உலகத்தில் அதன் பிரதி எங்காவது இருந்தால் அது 2007 மார்ச்சில் அண்ணன் எடுத்த படம் ஒன்றுதான். மே கடைசிக்குள் அது கிடைக்குமா? நண்பரே, உங்களுக்கு உடல்நிலை சரியில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும். ஆனால் வேறு யாரிடமும் கேட்க முடியாது.

அண்ணி மருத்துவமனை வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"இதக் குடுத்தா இன்னிக்கே எந்திரிச்சு அந்தப் பழைய கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துருவாரு கலா. இந்தக் கீமோவுக்கு அப்புறம் பிளட் கவுன்ட் ரொம்ப எறங்கும்னு இப்பத்தான டாக்டர் சொன்னாங்க. ஜுரம் வந்தா தாங்காது."

"அதான் அண்ணி நானும் பாக்கறேன். மே மொத வாரம் ஸ்கேன். அது முடியட்டும். நல்ல ரிசல்ட்டா வந்தா சந்தோஷத்தோட சந்தோஷமா குடுத்துடலாம்."

"நீயே வெச்சுக்க. வீட்ல இருந்தா கண்டுபிடிச்சுருவாரு."

உறையை என் கைப்பையில் வைத்தேன். இந்த முடிவை எடுக்க எங்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. நாங்கள் வளர்ந்த விதத்தில், நேசிப்பவரிடம் ஒன்றை மறைப்பது அவருக்குப் போர்த்திவிடுவது போன்ற காரியம்.

அதன் பிறகு நடந்தவற்றை என் நாட்குறிப்பிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

ஏப்ரல் 27, சனி. "கலா, தபால் எடுத்தியா?" என்றார். "எடுத்தேண்ணா. எல்லாம் பில்லுதான்." "க்வின் எழுதலியா?" "இல்லண்ணா."

மே 7, செவ்வாய். ஸ்கேன் முடிவு. ஈரலுக்கும் பரவியிருந்தது. நல்ல செய்தியோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று வைத்திருந்த கடிதத்தைக் கெட்ட செய்தியோடு கொடுக்க முடியவில்லை.

மே 11, சனி. "அவரு எழுதாம இருக்கற ஆள் இல்லியே. ஹியரிங் தேதி வந்திருக்கணும். வயசும் எண்பத்தொண்ணு ஆச்சு. படுத்துட்டாரோ என்னமோ. ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டுப் பாரேன்" என்றார். அண்ணனுக்குக் கீமோவால் விரல்கள் மரத்துப் போயிருந்தன. பேனா பிடிக்க முடியாது. இல்லாவிட்டால் தாமே எழுதியிருப்பார். "போடறேண்ணா" என்றேன். போடவில்லை. ஒரு வாரம் அவர் க்வினின் உடல்நிலையை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

நானே அந்தப் படத்தைத் தேடி எடுத்து அனுப்பியிருக்கலாமே என்று இதைப் படிக்கிறவர்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். வேல்ஸ் படங்கள் இருந்த பழைய கணினிக்குக் கடவுச்சொல் வேண்டும். கேட்டால் எதற்கு என்பார். மேலும் ஒரு பொய் சொல்ல வேண்டும். மே 20 அன்று அண்ணன் தூங்கும்போது நானாகவே ஏழெட்டுச் சொற்களை முயன்று பார்த்தேன். திறக்கவில்லை.

ஜூன் 2, ஞாயிறு. விசாரணைக்கு இரண்டு நாள் இருந்தது. அன்று சொல்லியிருந்தாலும் போதும். படத்தை ஒரு நொடியில் அனுப்பியிருக்கலாம். அண்ணன் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். கிளம்பும்போது கேட்டார்.

"மெயில் பாக்ஸ் சாவி உங்கிட்டதான இருக்கு?"

"ஆமாண்ணா."

"சரி."

அதற்குப் பிறகு அவர் க்வினைப் பற்றி என்னிடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

க்வினின் அடுத்த கடிதம் ஜூலை 22 அன்று வந்தது. ஆதாரம் இல்லாததால் பாதை உரிமை ஏற்கப்படவில்லை. வயல் வேறு ஒருவருக்குக் கைமாறுகிறது, அதில் கிடங்கு கட்டப் போகிறார்கள். தன் கடிதம் அஞ்சலில் தொலைந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். குறையாக ஒரு சொல் இல்லை. அந்தக் கடிதத்தையும் நான் அண்ணனிடம் கொடுக்கவில்லை. அப்போது அவர் பெரும்பாலான நேரம் மயக்கத்தில் இருந்தார்.

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, காலை 6.40 மணிக்கு அண்ணன் வீட்டில் காலமானார். அண்ணியும் மகனும் நானும் அருகில் இருந்தோம். இம்முறை இந்தியாவிலுள்ள உறவினர்கள் அனைவருக்கும் நான் நேராகவே சொன்னேன். யாரிடமும் சீரியஸ் என்று சொல்லவில்லை. அவர்களில் பாதிப் பேருக்கு அவர் நோயுற்றிருந்ததே அப்போதுதான் தெரிந்தது. சித்தப்பா, "ஏம்மா, முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு தரம் வந்து பாத்திருப்பேனே" என்று தொலைபேசியில் விம்மினார்.

நன்றி சொல்லிக் கட்டுரையை முடிப்பது வழக்கம். என்னால் முடிக்க முடியாத ஒன்று இருப்பதால் நன்றியை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். ஏழு மாதம் முறை வைத்துக்கொண்டு ரசமும் இட்லியும் கொண்டுவந்த இர்விங் குடும்பங்களுக்கும், விடுப்பு எடுத்து மருத்துவமனைக்குக் கார் ஓட்டிய செந்திலுக்கும், அண்ணன் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டு அதே பெயரால் அவரைக் கடைசி நாள் வரை கூப்பிட்ட வீட்டுச் செவிலியருக்கும், விசா கிடைக்காமல் அங்கிருந்தே பதினாறு நாள் விளக்கேற்றிய உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. க்வினுக்கும் கடமைப்பட்டிருக்கிறது. மன்னிப்பு யாரிடம் கேட்க வேண்டுமோ அவர் இதைப் படிக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்க்கிழமை, அண்ணன் மகன் பழைய கணினியிலிருந்து டிஸ்கைக் கழற்றி வேறொன்றில் பொருத்தினான். அரை மணி நேர வேலை. ஏப்ரலில் அவனிடம் சொல்லியிருந்தால் ஏப்ரலிலேயே முடிந்திருக்கும். அவன் அப்பாவிடம் உளறிவிடுவான் என்று பயந்து அவனிடமும் மறைத்திருந்தோம். தேதி வாரியாக அடுக்கிய கோப்புகளில் 2007 மார்ச் 3 இருந்தது.

"அத்தை, இதுல ஒன்லி ஒன் ஃபோட்டோ" என்றான். பெரிதாக்கினான். "வெயிட். இஸ் தட் அப்பாஸ் தம்ப்?"

அன்று இரவே படத்தை நிலையத்து அலுவலகத்துக்கு அனுப்பி, கடிதத்தை மறைத்ததையும் மறைக்காமல் எழுதினேன். க்வினின் பதில் செப்டம்பர் 30 தேதியிட்டு வந்தது. முதல் பக்கம் முழுவதும் அண்ணனைப் பற்றியது. 2006 நவம்பரில் காரில் வர மறுத்துவிட்ட அந்த இளைஞனை வலுக்கட்டாயமாக ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று இன்னும் நினைப்பதாக எழுதியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் விவரம். அந்தப் பண்ணைக்கு இரண்டு வயல்களில் குவாரிக் கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்திருக்கிறது. ஒன்று கீழ் வயல். பெரிய ரயிலுக்குப் போகும் பாதை அதில்தான் ஓடியது. மற்றது மலை மேல், கழிவுக் கற்களைக் கொட்டப் போன தண்டவாளம் இருந்த வயல். தாளில் கண்டிருப்பது கீழ் வயலின் எண்ணாக இருந்தால் தீர்ப்பு மாறியிருக்கலாம். மேல் வயலின் எண்ணாக இருந்தால் அந்தப் படம் ஜூன் 4 அன்று அங்கே இருந்திருந்தாலும் பயன் இல்லை. எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

படம் தெளிவாகத்தான் இருக்கிறது. கையெழுத்துகள், முத்திரை, நிரந்தர உரிமை என்னும் சொற்கள் எல்லாவற்றையும் படிக்க முடிகிறது. மடிந்து மடிந்து எழும்பும் பழைய தாளை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அண்ணன் படம் எடுத்திருக்கிறார். வயலின் எண் எழுதியிருக்கும் இடத்தில் அவருடைய கட்டைவிரல் இருக்கிறது. நகத்தின் ஓரத்தில் சிறிது மண். அவருடைய அன்றைய நாட்குறிப்பில் தாளின் அளவையும் மையின் நிறத்தையும் பெட்டியின் பூட்டையும்கூடக் குறித்திருக்கிறார். எண்ணைக் குறிக்கவில்லை. படத்தில் விழுந்திருக்கும் என்று நினைத்திருப்பார். கேட்டிருந்தால் நினைவிலிருந்து சொல்லியிருப்பார்.

விரலின் இரு பக்கமும் தெரியும் மைக்கோடுகளை வைத்து எண்ணைக் கண்டுபிடிக்க இரண்டு நிபுணர்களிடம் கேட்டுப் பார்த்தோம். இருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வயலில் கிடங்குக்கு அடித்தளம் போட்டுவிட்டார்கள் என்று க்வின் எழுதியிருக்கிறார். அந்தத் தாளில் இருந்தது எந்த வயலின் எண் என்பது, இந்த மலர் அச்சுக்குப் போகும் 2025 ஆகஸ்ட் 1 வரை, சரிபார்க்கப்படவில்லை.